நாலு நாள் பாக்கி

மார்ச் 4

அன்புள்ள தங்கைக்கு,

உறையின் மேல் என் கையெழுத்தைப் பார்த்ததும் கிழித்துப் போடாமல் இருந்தால் மேலே படி. இருபத்து மூன்று வருடம் கழித்து அண்ணன் எழுதுகிறான் என்றால் ஏதோ காரியம் இருக்கிறது என்று உனக்கே தெரியும். இருக்கிறது. ஆனால் அதை முதல் பத்தியிலேயே கேட்க வெட்கமாக இருக்கிறது.

எனக்கு எழுபத்து மூன்று முடிந்துவிட்டது. ஒரு பூட்டு ரிப்பேர்க் கடைக்கு மேலே, மூன்றாம் மாடியில், ஒற்றை அறை. ஐம்பத்தெட்டுப் படிகள். ஆறு நாள் ஏற வேண்டிய பனிச்சரிவை நாலே நாளில் ஏறியவன் இப்போது பால் பாக்கெட்டோடு முப்பதாவது படியில் உட்கார்ந்து மூச்சு வாங்குகிறேன். கீழே கடைக்காரர், "என்ன சார், இன்னைக்கு முகாம் முப்பதுலயா?" என்று கேட்பார். காலில் சக்கரத்தோடு பிறந்தவன் என்று அம்மா என்னைச் சொல்வாளே, அந்தச் சக்கரம் தேய்ந்து அச்சாணியும் ஆடுகிறது. பனியில் சாமான் ஏற்றி இழுத்த என் சறுக்கு வண்டியை அருங்காட்சியகத்துக்குக் கொடுத்தேன். போன மாதம் போய்ப் பார்த்தால் அதன் மேல் பழைய நாற்காலிகளை அடுக்கி வைத்திருக்கிறார்கள். சண்டை போடத் தெம்பில்லை, வந்துவிட்டேன்.

காரியம் இதுதான். ஒரு பதிப்பாளர் என் பயணங்களைப் புத்தகமாகப் போடுகிறார். கடைசி அத்தியாயம் வடக்குப் பனிமேடு. நானும் உன் கணவரும் சேர்ந்து போன கடைசிப் பயணம். மாப்பிள்ளை தன் இடது பாதத்தை விட்டுவிட்டு வந்தாரே, அந்தப் பயணம்.

எங்கள் நோட்டு வழக்கம் உனக்கு நினைவிருக்கும். பதிப்பாளருக்கு அது பெரிய அதிசயமாக இருக்கிறது. கடுங்குளிரில் மனிதன் தன் உடம்பைப் பற்றி உண்மை சொல்ல மாட்டான். வலித்தால் வலிக்கவில்லை என்பான். மரத்துப் போனால் நன்றாக இருக்கிறது என்பான். அதனால் யாரும் தன்னைப் பற்றித் தானே எழுதக்கூடாது என்று வைத்திருந்தோம். மாலையில் கூடாரத்துக்குள் வந்ததும் நான் அவருடைய காலுறையைக் கழற்றி, விரல் விரலாகப் பார்த்து, என் நோட்டில் எழுதுவேன். அவர் என் காலைப் பார்த்து அவர் நோட்டில் எழுதுவார். கடைசி வரி 'நாளை நடக்கலாம்' அல்லது 'நாளை நடக்க வேண்டாம்' என்று இருக்க வேண்டும். அந்த வரியை யாரும் மீறக் கூடாது.

இரண்டு நோட்டுகளின் பக்கங்களையும் அருகருகே அச்சிட வேண்டும் என்கிறார் பதிப்பாளர். என்னுடையது இருக்கிறது. அவருடையது உன்னிடம் இருக்க வேண்டும். அதில் என் கால்களைப் பற்றித்தான் இருக்கும், வேறு ஒன்றும் இருக்காது. தபால் செலவை நான் ஏற்கிறேன்.

மாப்பிள்ளை எப்படி இருக்கிறார் என்று கேட்க எனக்கு உரிமை உண்டா தெரியவில்லை. இருந்தாலும் கேட்கிறேன்.

உன் அண்ணன்

*

மார்ச் 12

பெருமதிப்புக்குரிய பயணி அவர்களுக்கு,

கடிதம் கிடைத்தது. கிழிக்கவில்லை. நல்ல தாள், பின்பக்கத்தில் மருந்து வாங்க வேண்டிய பட்டியல் எழுதிக்கொண்டேன்.

கேட்டதற்குப் பதில்: அவருக்கு எழுபது. சர்க்கரை. கண்ணில் பாதிப் பார்வைதான். மிச்சமிருக்கிற வலது பாதத்தில் போன வருடம் ஒரு புண் வந்து ஐந்து மாதம் ஆறவில்லை. "இதுவும் போச்சுன்னா மொத்தமா உக்கார வேண்டியதுதான், தினமும் காலைப் பாருங்க" என்றார் டாக்டர். அவருக்கோ அவ்வளவு நுணுக்கமாகக் கண் தெரியாது. எனக்கு முழங்கால் மடங்காது. கீழே உட்கார்ந்தால் எழுந்திருக்க இரண்டு நாற்காலி வேண்டும். வாரம் ஒரு நாள் நர்ஸ் வருகிறாள். மற்ற ஆறு நாள் கடவுள் பார்த்துக்கொள்வார் என்று விட்டிருக்கிறோம்.

உங்களுக்கு நினைவிருக்கிறதோ இல்லையோ, எனக்கு அந்த மண்டபம் நன்றாக நினைவிருக்கிறது. நீங்கள் மேடையில். இவர் முதல் வரிசையில், புது ஊன்றுகோலை மடியில் வைத்துக்கொண்டு. "பையன் மார்க் ஷீட்டை மறைச்ச மாதிரி என் மாப்பிள்ளை காலை மறைச்சிட்டார்" என்றீர்கள். முந்நூறு பேர் சிரித்தார்கள். வெந்த புண்ணில் வேலைப் பாய்ச்சுவது என்பார்களே, அதை மைக் வைத்துச் செய்ததை அன்றுதான் பார்த்தேன். நான் எழுந்து வெளியே வந்தேன். அவர் வரவில்லை. முடியும் வரை உட்கார்ந்திருந்து கைதட்டிவிட்டு வந்தார்.

ஒன்றையும் மறைக்காமல் சொல்கிறேன். அன்று கோபம் நீங்கள் பொய் சொன்னீர்கள் என்பதற்காக அல்ல, சிரிக்க வைத்தீர்கள் என்பதற்காக. மற்றபடி நானும் அதையேதான் நம்பினேன். குளிக்க வைக்கத் தூக்கும்போதெல்லாம், "வாயிருந்தும் ஊமையா இருந்தீங்களே, கால் மரத்துப் போச்சுன்னு ஒரு வார்த்தை சொன்னா என்ன?" என்று இத்தனை வருடமும் திட்டியிருக்கிறேன். அவர் ஒன்றும் சொல்ல மாட்டார்.

நோட்டு என் தையல் மெஷின் இழுப்பறையில் இருக்கிறது. ஒரு நாளும் திறந்ததில்லை. திறக்க மனம் வரவில்லை, அனுப்பவும் மனம் வரவில்லை.

இப்படிக்கு,
உங்கள் மாப்பிள்ளையின் மனைவி

*

மார்ச் 20

அன்புள்ள தங்கைக்கு,

அந்த மண்டபப் பேச்சுக்கு மன்னிப்புக் கேட்கிறேன். சிரிப்பு வந்தால் கூட்டம் கலையாது என்று அந்த நாட்களில் ஒரு பழக்கம் பிடித்துவிட்டது. ஊர் ஊராகப் பேசிப் பேசி, எது நடந்தது, எது கைதட்டலுக்காகச் சேர்த்தது என்று எனக்கே பிரித்தறிய முடியாத அளவுக்கு ஆகிவிட்டது.

இப்போது யாரும் பேசக் கூப்பிடுவதில்லை. போன வருடம் ஒரு பள்ளிக்கூடத்தில் கூப்பிட்டார்கள். ஒரு சிறுமி, "இவ்ளோ தூரம் போயி அங்க என்ன சார் இருந்துச்சு?" என்று கேட்டாள். பனி என்றேன். "அப்புறம்?" என்றாள். யோசித்துப் பார்த்தேன், பனிதான். எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். ஆனால் பேருந்தில் திரும்பி வரும்போது ஐம்பது வருடமும் ஒரு மூட்டையாக மடியில் வந்து உட்கார்ந்துகொண்டது. அலுப்பாக இருக்கிறது. முன்பெல்லாம் நடந்தால் அலுப்பு வரும், தூங்கினால் போகும். இது அப்படிப் போவதாக இல்லை.

உனக்கு நம்பிக்கை வர, கடைசி அத்தியாயத்தின் அச்சுப் படியை இந்தக் கடிதத்தோடு வைத்திருக்கிறேன். படித்துப் பார். இதில் கேலி கிடையாது. பயணம் கெட்டுவிடக் கூடாதே என்ற அன்பினால் அவர் காலை மறைத்தார் என்றுதான் எழுதியிருக்கிறேன். விமானம் இறங்கக்கூடிய இடம் வரை பதினோரு நாள் அவரை வண்டியில் கட்டி இழுத்து வந்ததையும் அடக்கமாகத்தான் சொல்லியிருக்கிறேன். மாப்பிள்ளைக்குப் படித்துக் காட்டு. அவருக்குப் பிடித்தால் நோட்டை அனுப்பு.

உன் அண்ணன்

*

ஏப்ரல் 2

அண்ணனுக்கு,

படித்துக் காட்டினேன். சமையலறை ஜன்னல் பக்கம் அவர் நாற்காலி. நான் எதிரே நின்றுகொண்டு, பதினெட்டுப் பக்கமும் படித்தேன். அவர் கண்ணை மூடிக் கேட்டார். முடிந்ததும், "நல்லா எழுதியிருக்கான். அந்தக் காத்துச் சத்தம் அப்படியே வருது" என்றார். பிறகு டீ கேட்டார். அவ்வளவுதான்.

டீ போட்டுவிட்டு, உன் அத்தியாயத்தில் இருக்கிற தேதி சரிதானா என்று பார்க்க நோட்டை எடுத்தேன். உண்மையாகவே தேதி பார்க்கத்தான் எடுத்தேன்.

முதல் முப்பது பக்கமும் உன் கால்தான். உன் கால் நகம், உன் குதிகால் வெடிப்பு. பெற்ற தாய்கூட அப்படிப் பார்த்திருக்க மாட்டாள். ஒரு நாள்கூட விடவில்லை. பிறகு இது வருகிறது. ஒரு எழுத்து மாறாமல் எழுதுகிறேன்.

"முப்பத்தோராம் நாள். மச்சான்: இரண்டு காலும் நலம். இடது சுண்டுவிரல் சிவப்பு, தேய்த்துவிட்டேன். நாளை நடக்கலாம். என் காலை இன்று பார்க்கவில்லை."

"முப்பத்திரண்டு. மச்சான்: நலம். நாளை நடக்கலாம். என் காலை இன்றும் பார்க்கவில்லை. களைத்திருக்கிறான்."

"முப்பத்து மூன்று. மச்சான்: நலம். சுண்டுவிரல் தேறிவிட்டது. நாளை நடக்கலாம். இன்றும் இல்லை. நான் கேட்கவில்லை."

"முப்பத்து நான்கு. மச்சான்: நலம். நாளை நடக்கலாம். என் இடது காலில் உணர்ச்சி இல்லை. நாளை அவனே பார்ப்பான்."

நீ அனுப்பிய அச்சுப் படியின் பின்னிணைப்பில் உன் நோட்டின் அதே நாலு நாளும் அச்சாகியிருக்கிறது. நாலு நாளும் ஒரே வரி: "மாப்பிள்ளை: கால் நலம். நாளை நடக்கலாம்."

பார்க்காத காலை எப்படி நலம் என்று எழுதினாய்?

அந்தக் காலுறைகளைத் தைத்தவள் நான். பனி உள்ளே போகக் கூடாது என்று முழங்காலுக்குக் கீழே இரண்டு நாடா வைத்து, முடிச்சு நழுவாமல் இருக்க மூன்று தடவை பிரித்துத் தைத்தேன். நீ கழற்றினாயா இல்லையா? அதற்கு மட்டும் பதில் எழுது.

தங்கை

*

ஏப்ரல் 9

அன்புள்ள தங்கைக்கு,

அந்த நான்கு நாட்களும் காற்று எப்படி இருந்தது என்று உனக்குப் புரிய வைப்பது கடினம். கூடாரத்தின் கம்பி ஒன்று முறிந்துவிட்டது. அடுப்பு பற்றவில்லை. விரல்கள் பென்சிலைப் பிடிக்கவே மறுத்தன. அப்படிப்பட்ட நேரத்தில் எழுதப்பட்ட குறிப்புகளை இத்தனை வருடம் கழித்து வெதுவெதுப்பான சமையலறையில் உட்கார்ந்து படித்து எடை போடுவது நியாயமாகாது. மாப்பிள்ளையும் களைத்திருந்தார். அவர் எழுதியதிலும் பிழை இருக்கலாம்.

இரண்டு நாளாக எனக்குக் காய்ச்சல். பிறகு விரிவாக எழுதுகிறேன்.

அண்ணன்

*

ஏப்ரல் 15

அண்ணனுக்கு,

நான் வானிலை கேட்கவில்லை.

தங்கை

*

ஏப்ரல் 24

தங்கைக்கு,

கழற்றவில்லை.

உன் ஒற்றை வரியை மேஜை மேல் வைத்துக்கொண்டு ஐந்து நாள் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். முழுப் பூசணிக்காயை இருபத்து நாலு வருடம் சோற்றில் மறைத்திருக்கிறேன். அதற்குக் காற்றும் அடுப்பும் காரணம் இல்லை.

முதல் நாள் மாலை உன் நாடா முடிச்சு உறைந்திருந்தது. அவிழ்க்கப் பத்து நிமிடம் ஆகும். கையுறையைக் கழற்ற வேண்டும். எனக்குச் சோம்பல். நேற்று நன்றாகத்தானே இருந்தது, ஒரே நாளில் என்ன ஆகிவிடும் என்று நேற்றைய வரியையே எழுதினேன். அவர் என் காலை மடியில் வைத்துத் தேய்த்துக்கொண்டிருந்தார், நான் அவர் காலைப் பார்க்காமலே எழுதினேன். இரண்டாம் நாள், நேற்றே பார்க்கவில்லை என்பது தெரிந்துவிடுமே என்று பார்க்கவில்லை. மூன்றாம் நாள் பயந்துவிட்டேன். அவர் நொண்டுவது முன்னால் போகிற எனக்குக் காலடிச் சத்தத்திலேயே கேட்டது. இலக்குக்கு இன்னும் ஆறு நாள்தான் இருந்தது. கழற்றினால் 'நடக்க வேண்டாம்' என்று எழுத வேண்டி வரும். கழற்றாவிட்டால் எழுத வேண்டியதில்லை. நாலாம் நாளும் அப்படியே.

ஐந்தாம் நாள் அவர் விழுந்தார். அப்போது கழற்றினேன். விரல்கள் கறுத்திருந்தன.

பதினோரு நாள் இழுத்து வந்தது உண்மை. ஆனால் பார வண்டியை இழுக்கிற மாடு மாதிரி இழுத்தேன், வீரன் மாதிரி இல்லை. மருத்துவமனையில் பத்திரிகைக்காரர்கள் வந்து, இவ்வளவு அனுபவசாலிகள் எப்படிக் கவனிக்காமல் விட்டீர்கள் என்று கேட்டார்கள். "அவர் மறைச்சிட்டார்" என்று வாயில் வந்துவிட்டது. அடுத்த கட்டிலில் அவர் படுத்திருந்தார். என்னைப் பார்த்தார். பிறகு கண்ணை மூடிக்கொண்டார். மறுக்காததால் அவருக்குச் சம்மதம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அன்றிலிருந்து அந்தப் பொய்யை நான் சொன்னேன் என்பதைவிட, அதுதான் என்னை ஊர் ஊராகக் கூட்டிக்கொண்டு போனது என்பதே சரி.

நேற்று பதிப்பாளரிடம் போய் அத்தியாயத்தைத் திரும்பக் கேட்டேன். புதிதாக எழுதியதைக் கொடுத்தேன். படித்துவிட்டு, "சார், இது சாகசப் புத்தகம். வாக்குமூலம் இல்லை. இதைப் போட்டா வெளியீட்டு விழாவுக்கு யாரைக் கூப்பிடறது?" என்றார். இதைப் போடுங்கள், இல்லாவிட்டால் எதையும் போட வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தேன். சொல்லும்போது பெரிய தைரியம் இல்லை. எழுபத்து மூன்று வயதில் இழக்க இந்தப் பெயர் ஒன்றுதான் இருந்தது. அதுவும் ஒருவர் காலைப் பலி கொடுத்து வாங்கியது.

இதை மாப்பிள்ளைக்குப் படித்துக் காட்டு. மன்னிப்பு என்ற வார்த்தையை எழுதி இரண்டு தடவை அடித்துவிட்டேன். எழுதக் கூச்சமாக இருக்கிறது.

அண்ணன்

*

மே 3

அண்ணனுக்கு,

படித்துக் காட்டினேன். 'கழற்றவில்லை' என்ற இடத்தில் நிறுத்திவிட்டேன். அவர்தான், "மேல படி" என்றார்.

முடிந்ததும் சண்டை எங்கள் இருவருக்கும்தான் வந்தது. உங்களுக்குத் தெரியுமா என்று கேட்டேன். "என் நோட்டுதானே, எனக்குத் தெரியாதா?" என்றார். பிறகு ஏன் வாயைத் திறக்கவில்லை என்று கத்தினேன். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"நானும் கேட்டிருக்கலாம். என் காலைக் கொஞ்சம் பாருன்னு நாலு வார்த்தை. கேட்கலை. அவனாப் பாக்கட்டும்னு ஒரு வீம்பு. ஒருத்தனுக்குச் சோம்பல், இன்னொருத்தனுக்கு வீம்பு, நடுவுல கால் போச்சு. அப்புறம் பதினோரு நாள் இழுத்துட்டு வந்தான். ராத்திரி பகல் தெரியாம இழுத்தான். இழுத்தவன் மேல பழி சொல்ல எனக்கு வாய் வரலை."

"சரி, என்கிட்ட சொல்ல என்ன? நான் உங்களை இத்தனை வருஷம் திட்டினேனே?"

"நீ திட்டும்போதெல்லாம் சொல்லிரலாம்னுதான் வரும். சொன்னா உனக்கு அண்ணன் இல்லாமப் போயிருவான்னு விட்டேன். அப்படியும் இல்லாமத்தான் போனான்."

அண்ணா, அதற்கு மேல் என்னால் நிற்க முடியவில்லை. குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். உன்மேல் எனக்கு இருக்கிற கோபம் ஆறவில்லை, ஆறும் என்று வாக்கும் கொடுக்க மாட்டேன். ஆனால் உன் பொய்யை அவர் முகத்தில் தினமும் எறிந்தவள் நான்தான். அதற்கு யாரிடம் போய் மன்னிப்புக் கேட்பது? அவரிடம் கேட்டேன். "டீயில சர்க்கரை போட்டுக் குடு, மன்னிச்சிடறேன்" என்றார். போடவில்லை.

இப்போது காரியத்துக்கு வருகிறேன். என் முழங்காலுக்கு ஆபரேஷன் என்று டாக்டர் இரண்டு வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார். இவரைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை என்று தள்ளிப் போட்டேன். மே 17 அன்று படுக்கை கிடைத்திருக்கிறது. பத்து நாள். "யாரைக் கூப்பிடுவேன்?" என்று புலம்பினேன். அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, "அவனை வரச் சொல்லு. நாலு நாள் பாக்கி வச்சிருக்கான்" என்றார்.

மன்னித்துவிட்டார்கள் என்று நினைத்துக்கொண்டு மூட்டை கட்டாதே. வேலை இருக்கிறது, வா. இங்கே மாடிப்படி கிடையாது. நர்ஸ் திங்கள்கிழமை வருவாள். பாதத்தின் அடியைப் பார்க்க ஒரு கைக்கண்ணாடி அலமாரியின் இரண்டாம் தட்டில் இருக்கிறது. காலுறையில் நாடா இல்லை, நான் இப்போதெல்லாம் நாடா வைத்துத் தைப்பதில்லை.

நோட்டைத் தபாலில் அனுப்ப மாட்டேன். வந்து எடுத்துக்கொள். அந்த நாலு நாளும் அருகருகே அச்சாக வேண்டும். பொய்யை ஊரறியச் சொன்னாய், உண்மையை எனக்கு மட்டும் எழுதினால் போதாது.

தங்கை

*

மே 21

அன்புள்ள தங்கைக்கு,

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று வார்டில் இருந்து போன் வந்தது. நீ பேச வேண்டாம், நாக்குக்காவது ஓய்வு கிடைக்கட்டும். இதைப் பக்கத்துக் கட்டில்காரரிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லாதே, நீயே படி.

நான் வந்து இறங்கியபோது நீ ஆஸ்பத்திரிக்குக் கிளம்பும் அவசரத்தில் இருந்தாய். சாவியைக் கொடுத்தாய், முகத்தைப் பார்க்கவில்லை. அது சரிதான். அதன் பிறகு வீட்டில் நாங்கள் இரண்டு பேர். நான் வாசலிலேயே நின்றேன். அவர் தலையைச் சாய்த்துக் காலடியைக் கேட்டுவிட்டு, "வலது காலை இழுக்கறியே மச்சான்" என்றார். இருபத்து மூன்று வருடம் கழித்து எனக்குச் சொன்ன முதல் வார்த்தை. மூட்டையை இறக்கி வைத்துவிட்டு உள்ளே போனேன்.

இனி நோட்டு.

முதல் நாள்: காலுறையைக் கழற்றி, வெளிச்சத்தில், விரல் விரலாகப் பார்த்தேன். ஐந்து விரலும் நலம். முடிந்ததும் முதல் விரலிலிருந்து மறுபடி பார்த்தேன். "பனி இல்லையே, நிதானமாப் பாரு" என்றார்.

இரண்டாம் நாள்: நலம். விரலிடுக்கில் ஈரம், துடைத்தேன். இடது பக்கம், பாதம் இல்லாத அந்த முனையையும் பார்க்கலாமா என்று கேட்டேன். காட்டினார். அதை நான் இதற்கு முன் பார்த்ததே இல்லை. ரொம்ப நேரம் பார்த்தேன்.

மூன்றாம் நாள்: கண்ணாடி வைத்துப் பார்த்தபோது குதிகாலுக்கு அடியில் பொட்டு அளவுக்குச் சிவப்பு. அவருக்கு வலி தெரியவில்லை. நர்ஸ் வர இன்னும் மூன்று நாள் இருந்தது. காத்திருக்காமல் போன் செய்து வரவழைத்தேன். "செருப்புல ஆணி மாதிரி ஏதோ குத்தியிருக்கு. இன்னும் ரெண்டு நாள் விட்டிருந்தா பழையபடி ஐஞ்சு மாசம்" என்றாள். செருப்பைத் தூக்கி எறிந்தேன்.

நாலாம் நாள், இன்று: சிவப்பு குறைந்திருக்கிறது. கட்டுப் போட்டிருக்கிறது. நாளை நடக்க வேண்டாம்.

பதிப்பாளர் எழுதியிருக்கிறார். புத்தகத்தைப் போடுகிறாராம், விழா இல்லையாம். இரண்டு நோட்டும் பதிவுத் தபாலில் போய்விட்டன. தபால் நிலையத்துக்கு எடுத்துப் போவதற்கு முன் அவர் தன் நோட்டை ஒரு தடவை வாங்கித் தடவிப் பார்த்துக்கொண்டார்.

நாலு நாள் ஆகிவிட்டது, பாக்கி தீர்ந்ததா என்று இன்று மாலை கேட்டேன். அவர் இந்தக் கடிதத்தையும் பேனாவையும் வாங்கிக்கொண்டார். கீழே இருப்பது அவர் எழுதியது. கண் சரியாகத் தெரியாததால் வரி மேலும் கீழும் போகிறது, பொறுத்துக்கொள்.

"என் காலைக் கொஞ்சம் பார் என்று நாலு நாளும் நானே வாய் திறந்து கேட்டேன். அதை உன்னிடம் சொல்லத்தான் பேனா வாங்கினேன்.

மச்சான்: காலுறையைக் கழற்ற மாட்டேன் என்றான். திட்டிக் கழற்ற வைத்தேன். தடவிப் பார்த்தேன். வலது கணுக்கால் வீக்கம், தொட்டால் சூடு. ரொம்ப நாளாக மறைத்திருக்கிறான். ஐம்பத்தெட்டுப் படி இனி ஆகாது.

நாளை நடக்க வேண்டாம். இங்கேயே இருக்கட்டும்."